கீழே இசட்³ இருந்தும் முதல்வரிசைத் துருவமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: “(1 − காஸ் இசட்)/இசட்³ என்ற சார்புக்குப் பூச்சியத்தில் எத்தனையாம் வரிசைத் துருவம் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். கீழே இசட்³ இருப்பதால் மூன்று என்று எழுதினேன். முதல்வரிசை, அதாவது சிம்பிள் போல் என்பதுதான் விடையாம். இது எப்படி? செமஸ்டர் தேர்வில் சட்டென்று கண்டுபிடிக்க வழி உண்டா?”

வழி உண்டு. துருவம் என்பது, எந்தத் திசையிலிருந்து நெருங்கினாலும் சார்பின் அளவு முடிவிலியாகப் பெருகும் தனித்த புள்ளி. அதன் வரிசையைக் கீழே உள்ள பகுதியை மட்டும் பார்த்து எழுதக் கூடாது. அதே புள்ளியில் மேலே உள்ள தொகுதியும் பூச்சியம் ஆகிறதா, ஆகிறதென்றால் எத்தனையாம் வரிசைப் பூச்சியம் என்று பாருங்கள். 1 − காஸ் இசட் பூச்சியத்தில் 0. வகையிட்டால் சைன் இசட், அதுவும் 0. இன்னொரு முறை வகையிட்டால் காஸ் இசட், அதன் மதிப்பு 1. இரண்டாவது வகைக்கெழுவில்தான் முதன்முதலாகப் பூச்சியமில்லாத எண் கிடைக்கிறது, ஆகவே தொகுதிக்கு இரண்டாம் வரிசைப் பூச்சியம். கீழே மூன்று, மேலே இரண்டு. கழித்தால் மிச்சம் ஒன்று. தொடராக விரித்தாலும் இதேதான்: 1 − காஸ் இசட் = இசட்²/2 − இசட்⁴/24 + … இதை இசட்³ ஆல் வகுத்தால் 1/(2 இசட்) − இசட்/24 + … என்று வரும். எதிர் அடுக்குகளையும் கொள்ளும் இந்த விரிவுக்கு லாரன்ட் தொடர் என்று பெயர். அதில் எதிர் அடுக்கு உள்ள உறுப்பு ஒன்றே ஒன்று, அதன் அடுக்கும் −1. அந்த −1 அடுக்கு உறுப்பின் கெழுவே எச்சம், இங்கே 1/2.

நம்பிக்கை வரவில்லை என்றால் போனில் உள்ள கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். இசட் = 0.1 என்றால் சார்பின் மதிப்பு சுமார் 4.996. இசட் = 0.01 என்றால் சுமார் 49.9996. தூரம் பத்தில் ஒரு பங்கானால் மதிப்பு பத்து மடங்கு ஆகிறது. மூன்றாம் வரிசைத் துருவமாக இருந்தால் ஆயிரம் மடங்கு ஆகியிருக்கும். வரிசை என்பது இந்த வேகம்தான். மாணவர்கள் இதை ஒரு தடவையாவது எண்களில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கப்புறம் வரையறை தானாகவே மனதில் நிற்கும்.

அந்த வரையறை: ஏ என்ற புள்ளியில் (இசட் − ஏ) ஆல் சார்பைப் பெருக்கி எல்லை காணுங்கள். எல்லை முடிவுள்ளதாகவும் பூச்சியமல்லாததாகவும் இருந்தால் முதல்வரிசைத் துருவம். அந்த எல்லையே எச்சம். ‘பூச்சியமல்லாத’ என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சைன் இசட்/இசட் என்பதை இசட்டால் பெருக்கினால் எல்லை 0. அங்கே துருவமே இல்லை, மதிப்பை 1 என்று வைத்தாலே சரியாகிவிடும் நீக்கத்தக்க புள்ளிதான்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி, அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சார்பு ஒற்றை மதிப்போடு பகுமுறைச் சார்பாக, அதாவது கலப்பெண் முறையில் வகையிடத்தக்கதாக இருக்கிறதா? 1/√இசட் என்பதை இசட்டால் பெருக்கினாலும் எல்லை 0 வருகிறது. அதைப் பார்த்து நீக்கத்தக்கது என்று எழுதினால் தவறு. பூச்சியத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் வர்க்கமூலத்தின் குறி மாறிவிடுகிறது, அது கிளைப்புள்ளி. அதேபோல எல்லையை எல்லாத் திசையிலிருந்தும் பார்க்க வேண்டும். 1/இசட்டை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பை இசட்டால் பெருக்கி, மெய்யச்சில் இடப்பக்கமிருந்து வந்தால் 0, வலப்பக்கமிருந்து வந்தால் முடிவிலி. அது எந்த வரிசைத் துருவமும் இல்லை.

காலை பஸ் வீரவநல்லூர் தாண்டுவதற்குள் மனக்கணக்காகவே இன்னும் மூன்று கணக்குகளைப் போட்டுவிடலாம். சைன் இசட்/இசட்²: இரண்டில் ஒன்று போக ஒன்று, எச்சம் 1. இசட்/(1 − காஸ் இசட்): இதுவும் முதல்வரிசை, எச்சம் 2. பை/2 என்ற புள்ளியில் டேன் இசட்: எச்சம் −1.

கடைசிக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி உதவுகிறது: தொகுதியின் மதிப்பைப் பகுதியின் வகைக்கெழுவால் வகுப்பது. 1/(இசட்² + 1) என்பதற்கு ஐ என்ற புள்ளியில் எச்சம் 1/(2ஐ) என்று ஒரே வரியில் வருவதும் இதனால்தான். ஆனால் பகுதிக்கு அங்கே முதல்வரிசைப் பூச்சியம் இருந்தால் மட்டுமே இது செல்லும். உங்கள் கணக்கில் இதைப் போட்டால் 0/0 வரும். உடனே எச்சம் 0 என்று எழுதிவிடாதீர்கள், தொடரை விரியுங்கள்.

முதல்வரிசையா இல்லையா என்பது தொகையீட்டில்தான் உண்மையில் பெரிதாகிறது. சைன் எக்ஸ்/எக்ஸ் என்பதை −முடிவிலியிலிருந்து முடிவிலி வரை தொகையிடும் கணக்கில், துணைக்கு எடுக்கும் கலப்பெண் சார்பின் (ஐ × இசட்டை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பை இசட்டால் வகுத்தது) துருவம் பாதையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைச் சிறு அரைவட்டத்தால் தாண்டுகிறோம். துருவம் முதல்வரிசை என்பதால், அரைவட்டம் சுருங்கச் சுருங்க அதன் பங்கு முழுவட்டத்தில் சரிபாதியாகிறது: பை × ஐ × எச்சம், குறி சுற்றும் திசையைப் பொறுத்தது. இங்கே எச்சம் 1, பை × ஐ என்பதன் கற்பனைப் பகுதியான பைதான் விடை. இதே பாதி விதியை 1/இசட்² இடம் காட்டினால், ஆரம் சுருங்கும்போது அரைவட்டத்தின் பங்கு 2/ஆரம் என்ற அளவில் ஏறிக்கொண்டே போகும். எனவே பாதையில் துருவம் வந்தால், எச்சத்தைக் கணக்கிடும் முன்பே அதன் வரிசையை விடைத்தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.