ட்ரம்ஸில் ஹை-ஹாட் எதற்கு? கிக்கும் ஸ்னேரும் போதாதா?

போதாது. காலால் அடிக்கும் கிக் ட்ரம்மும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் ட்ரம்மும் பெரிய அடிகளைச் சொல்லும். அவற்றுக்கு இடையிலுள்ள நேரத்தை அளந்து காட்டுவது ஹை-ஹாட் என்ற உலோகத் தட்டு ஜோடி. யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவில் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும்: தவில்காரர் கணக்கில் எங்கே போய்ச் சுற்றினாலும் பக்கத்தில் தாளம் போடுபவர் அசையமாட்டார். அதே வேலைதான்.

ஆனால் இதற்கு இன்னொரு வித்தையும் தெரியும். பெரும்பாலும் 14 அங்குல சிம்பல் தட்டுகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. மேலே இருப்பதைக் கால் பெடல் ஏற்றி இறக்கும். இறுக மூடி அடித்தால் 'டிக்' என்று அங்கேயே நிற்கும். கொஞ்சம் தளர்த்தினால் 'ஷ்ஷ்' என்று இரையும். குச்சியே இல்லாமல் காலால் மூடினாலும் 'சிக்' என்று ஒலி வரும்.

1920களில் இதன் முன்னோடி தரையோடு ஒட்டி, காலுக்கு மட்டும் வேலை கொடுத்தது. தண்டு உயர்ந்த பிறகுதான் குச்சியும் எட்டியது. 1930களில் கவுண்ட் பேஸி ஜாஸ் குழுவின் ட்ரம்மர் ஜோ ஜோன்ஸ் தாளநடையைக் கிக்கிலிருந்து ஹை-ஹாட்டுக்கு நகர்த்த, ஜாஸ் லேசாகி மிதக்கத் தொடங்கியது. ராக் என்றால் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு எட்டுச் சம அடி. டிஸ்கோவில் அடிகளுக்கு நடுவே திறந்து மூடும் 'ட்ஸ்ஸ்'. ட்ராப் என்ற ஹிப்-ஹாப் வகையில் 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 ட்ரம் இயந்திரத்தின் ஹை-ஹாட் ஒலி பொடிப்பொடியாக உருளும்.

கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறீர்களா? அப்படியென்றால் சரணம் முழுக்க மூடியே வாசியுங்கள், பல்லவி திரும்பும்போது திறக்கலாம். எப்போதும் பாதி திறந்தே கிடந்தால், பாடுபவரின் வரிகள் அந்த இரைச்சலுக்குள் போய்விடும்.