பெரியா கல்லூரியில் கட்டணமே கிடையாதாமே, உள்ளே வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்டவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பெரியாவைச் சொல்கிறார். ‘கட்டணமில்லாத கிராமத்துக் கிறிஸ்தவக் கல்லூரி’ என்று அவர் கேள்விப்பட்டது சரிதான். 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர்கள் மொத்தமே சுமார் 1,500 பேர். பெயர்தான் பெரியா! தமிழ் பைபிளில் ‘பெரோயா’ என்று வருமே, அந்த ஊரின் பெயர்தான் இது.

ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து உங்களைத் துரத்தப்போவது வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேர வேலை. எல்லோருக்கும் உண்டு, காசு கட்டித் தப்பிக்க வழியில்லை. முதல் ஆண்டில் எங்கே வேலை என்பதைக் கல்லூரியே ஒதுக்கும். மெஸ்ஸில் தட்டு கழுவுவதாக இருக்கலாம், விடுதிக் கழிப்பறையாக இருக்கலாம், பன்றியும் மாடும் வளர்க்கிற பண்ணையாக இருக்கலாம். கல்லூரியே ஒரு ஹோட்டல் நடத்துகிறது, 1909இல் கட்டியது, அதிலும் மாணவர்கள்தான். நெசவு, தச்சு, துடைப்பம் கட்டுதல் என்று கைத்தொழில் பிரிவுகளும் உண்டு. துடைப்பம் சோள இனத்துப் பயிர் ஒன்றின் கதிரிலிருந்து செய்வது. நம் ஊர் விளக்குமாற்றைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும். அடுத்த ஆண்டிலிருந்து பிடித்த பிரிவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

மணிக்கூலி உண்டு, பொறுப்பு கூடினால் கூலியும் கூடும். ஆனால் கைச்செலவுக்குத்தான் காணும். இதை நம்பி ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

கோளாறு பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் வரும். பத்து மணி நேரம்தானே, சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். அலுவலக வேலை கிடைத்தவருக்கு சனி ஞாயிறு கதவே திறக்காது. வகுப்புக்கு நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தை அன்றன்றே வேலைக்குக் கொடுத்துவிட வேண்டும். செமஸ்டர் தொடக்கத்தில் விட்ட மணிநேரம் கடைசியில் தேர்வோடு சேர்ந்து தலையில் விழும். மேற்பார்வையாளர் உங்கள் வேலையை மதிப்பிடுவார். அது பதிவேட்டில் ஏறும். படிப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வேலையில் ஏமாற்றினால் எச்சரிக்கை, அதற்கு மேல் இடைநீக்கம் வரை போகும். எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவருக்கு இன்னொரு கயிறும் உண்டு: செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முறையான அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்த்தால் விசாவே போய்விடும்.

வெளிநாட்டு மாணவர்களை ஆண்டுக்கு வழக்கமாக 30 பேர் அளவில்தான் எடுப்பார்கள். முதல் ஆண்டு படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். அடுத்தடுத்த ஆண்டுகளில், கோடை விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு கேட்பார்கள். ஆகவே கோடையில் ஊருக்கு வர விமான டிக்கெட் போடுமுன் அந்தக் கணக்கையும் பாருங்கள்.

கிறிஸ்தவம் என்றதும் தினமும் ஜெபத்துக்கு மணி அடிப்பார்கள் என்று பயப்படத் தேவையில்லை. கல்லூரி எந்தச் சபைக்கும் கட்டுப்பட்டதல்ல. ஆராதனைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. சொற்பொழிவு, இசை நிகழ்ச்சிகளுக்குத்தான் செமஸ்டருக்கு இத்தனை என்று வருகைக் கணக்கு. வளாகத்தில் மது கூடாது. விடுதி அறைக்கு எதிர்பாலினத்தவர் வரவும் நேரக் கட்டுப்பாடு உண்டு. அவர்களுடைய கிறிஸ்தவம் வேறு இடத்தில் இருக்கிறது. 1855இல் இதைத் தொடங்கிய ஜான் ஃபீ அடிமைமுறையை எதிர்த்த போதகர். எல்லா இனத்தாரும் ஒரே ரத்தம் என்ற வேத வாக்கியம்தான் கல்லூரியின் கொள்கை வாசகம். பெரோயா வருகிற அதே அதிகாரத்தில் அதுவும் வருகிறது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படித்த இடம் இது. 1904இல் மாநில அரசு சட்டம் போட்டு அதைத் தடுத்தது. 1908இல் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. 1950இல்தான் கறுப்பின மாணவர்கள் திரும்பி வர முடிந்தது.

ஊர் சின்னது. பொழுதுபோக்கு என்றால் மலையும் காடும்தான். அக்டோபரில் ஒரு நாள் வகுப்பை ரத்து செய்துவிட்டு மொத்தக் கல்லூரியும் மலையேறும். அன்றைக்கு அறையில் படுத்துத் தூங்கிவிடாதீர்கள். கார் இல்லாதவருக்கு பக்கத்துப் பெரிய நகரமான லெக்சிங்டன் போவதே ஒரு பயணம், 60 கிலோமீட்டருக்கு மேல். புளி, பெருங்காயம், சாம்பார்பொடியைப் போகும்போதே கொண்டுபோவது நல்லது. ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அதற்கான குளிர் அங்கியை அங்கேயே வாங்குங்கள். இங்கே விற்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. வீட்டுக்குப் போன் செய்ய இரவு 8 மணி தோது. குளிர்காலத்தில் அப்போது இங்கே காலை 6.30.