தோட்டத்துச் சாளைக்கு ஒரு துப்பாக்கி

கேள்வி: பல்லடம், சிவகிரி என்று கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகளில் அடுத்தடுத்துக் கொலை நடந்தது. தனியாக இருக்கிற விவசாயி துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் கலெக்டர் ஆபீஸில் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் அது பிறப்புரிமை. ஆயுதச் சட்டம்தான் வெள்ளைக்காரன் செய்ததிலேயே கொடுமை என்று காந்தியே சொன்னார். இங்கே திருடனைத் திருப்பி அடித்தால் அடித்தவன் மேல் கேஸ். தற்காத்துக்கொள்ளும் உரிமையே இல்லாத நாட்டில் நாங்கள் என்னதான் செய்வது?
(ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: பயம் நியாயம்தான். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் அப்பா, அம்மா, மகன் என்று ஒரே வீட்டில் மூன்று பேர். ஐந்து மாதம் கழித்து சிவகிரிப் பக்கம் வயதான தம்பதி. அதைப் படித்துவிட்டு சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாகப் படுக்கிற யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் உங்கள் கடைசி வரி சுத்தமாகத் தப்பு, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தற்காப்பு உரிமை இல்லை என்று யார் சொன்னது? 1860-ன் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை பதினொரு பிரிவுகள் அதற்கென்றே இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அதே சரக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை உட்கார்ந்திருக்கிறது. உயிர் போகும், கொடுங்காயம் படும் என்று நியாயமாக பயப்படும் அளவுக்குத் தாக்க வந்தால், பாலியல் வன்முறைக்கு வந்தால், கடத்த வந்தால், ஆசிட் வீச வந்தால், எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம். உங்கள் விஷயத்துக்கு நேராக வருவது 41-வது பிரிவு: பொழுது சாய்ந்ததிலிருந்து விடிவதற்குள் வீடு புகுந்தால், கொள்ளையடிக்க வந்தால், வீட்டுக்குத் தீ வைக்க வந்தால், சொத்தைக் காக்கவும் அந்த உரிமை உண்டு. ஓடிப் போயிருக்கலாமே என்று கோர்ட் கேட்காது. உயிர் ஊசலாடும்போது எத்தனை அடி அடித்தான் என்று தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது என்றே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எல்லை இல்லாமலும் இல்லை. போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. இரண்டு தேங்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி ஓடுகிறவனை முதுகில் சுட்டுக் கொன்றுவிட்டு 'தற்காப்பு' என்றால் எந்த நீதிபதியும் தலையாட்ட மாட்டார்.

சட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது என்பீர்கள். 2012-ல் மதுரையில் குடித்துவிட்டு வந்து மகளிடமே தவறாக நடக்கப் பார்த்த கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், ஆள் செத்துப்போனான். அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க், தற்காப்பில் எதிராளியின் உயிர் போனாலும் குற்றமில்லை என்கிற பழைய சட்டத்தின் 100-வது பிரிவைக் காட்டி அந்தப் பெண்ணை விட்டுவிட்டார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம், கத்தியோடு வந்து பலாத்காரம் செய்யப் பார்த்தவனிடமிருந்து அந்தக் கத்தியையே பிடுங்கிக் குத்தினார் 19 வயதுப் பெண். அவரையும் அதே பிரிவில் விடுவித்தார்கள். ஒருவர் கையில் மட்டை, இன்னொருவர் கையில் வந்தவனின் கத்தி. துப்பாக்கி எங்கேயும் இல்லை.

எல்லா ஸ்டேஷனிலும் இப்படி நடக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பல இடத்தில் முதலில் கொலை கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிட்டு, 'கோர்ட்டில் சொல்லிக்கொள்' என்கிற வழக்கம் இருக்கிறது. கோர்ட்டில் தற்காப்பு என்று காட்டுகிற பொறுப்பும் உங்கள் மேல்தான். அரசுத் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம், அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தங்கத் தராசு பற்றிப் பேசிய தர்ஷன் சிங் வழக்கைப் பாருங்கள். பஞ்சாப், லைசென்ஸ் வாங்கிய டபுள் பேரல் துப்பாக்கி, நிலத் தகராறில் அரிவாளோடு வந்தவரைச் சுட்டார்கள். செஷன்ஸ் கோர்ட் விட்டது, ஹைகோர்ட் பிடித்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி விட்டது. சுட்டது 1991-ல், விடுதலை 2010-ல். வந்தவரும் முகமூடிக் கொள்ளைக்காரர் இல்லை, சொந்தக்காரர். நம் ஊர் வரப்புத் தகராறுகள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாய்க்கால் தண்ணீருக்கும் பொதுக் கிணற்று முறைக்கும் மண்வெட்டி தூக்குகிற இடத்தில் ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காந்தி விஷயம். 1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அவர் விட்ட துண்டுப் பிரசுரத்தில் அந்த வரி உண்டு, பொய்யில்லை. ஆனால் அது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க விட்ட பிரசுரம்! ஆயுதச் சட்டம் போக வேண்டுமா, ஆயுதம் பிடிக்கக் கற்க வேண்டுமா, பட்டாளத்தில் சேருங்கள் என்பதுதான் அடுத்த வரி. முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸப்பில் விடுகிறார்கள். அவர் திட்டிய 1878-ன் சட்டத்தில் கோபப்பட காரணமும் இருந்தது, வெள்ளைக்காரனுக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். அந்தக் கோபத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸ் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி.காமத் அதை அரசியல் சாசனத்தில் நுழைக்கத் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் ஏற்கவில்லை, சபை தள்ளிவிட்டது. கூட்டம் கூடும் உரிமையைத் தருகிற 19-வது பிரிவிலேயே 'அமைதியாக, ஆயுதம் இல்லாமல்' என்று எழுதி வைத்தார்கள். பிரிவினை ரத்தம் காயாத நேரம் அது, தெரிந்தேதான் செய்தார்கள்.

அமெரிக்கக் கதைக்கு ஒரு சம்பவம் போதும். 1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறி அடுத்தவர் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'அசையாதே' என்று ஆங்கிலத்தில் கத்தினார், பையன் சிரித்தபடி முன்னால் வந்தான், நெஞ்சில் சுட்டார். ஜூரி அவரை விடுதலை செய்தது. இரவில் பைக் பஞ்சராகி உங்கள் சாளை வாசலில் வந்து நின்று, 'அண்ணா' என்று சரியாகக் கூப்பிடத் தெரியாத வடமாநிலப் பையனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்னொன்று, அந்த நாட்டில் 2021-ல் துப்பாக்கியால் செத்த 48,830 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. கடன்பட்ட விவசாயி வீட்டில் அது இருக்க வேண்டிய பொருளா?

நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2016 கடைசிக் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் லைசென்ஸ், தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். அங்கே தனி வீட்டு ஏழை நிம்மதியாகத் தூங்குகிறானா? துப்பாக்கி போய்ச் சேருவது ஏற்கெனவே ஊரில் கை ஓங்கியவனிடம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆட்கள் செத்து, 2019 திருத்தத்தில் அதற்கென்றே இரண்டு வருடம் ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்று போட வேண்டியதாயிற்று. 2012-ல் டெல்லி பஸ்ஸில் நடந்த கூட்டுப் பலாத்காரத்துக்குப் பிறகு, 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் கொண்டுவந்தது கான்பூர் அரசுத் தொழிற்சாலை, விலை 1,22,360 ரூபாய், நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்து! ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிற மில் தொழிலாளி அதை வாங்குவாளாக்கும்.

சரி, உங்கள் சாளைக்கே வருவோம். எழுபது வயது தாண்டியவர், இரவு இரண்டு மணி, நாய் குரைக்கிறது. துப்பாக்கி பீரோவுக்குள், தோட்டா தனியாக, கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. வருகிறவன் நாலு நாள் நோட்டம் பார்த்து, நீங்கள் தூங்கும்போதோ வெளியே தண்ணீர் திருப்பப் போகும்போதோதான் வருவான். அதைவிட, வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அவன் தேடி வருகிற பொருளில் அதுவும் ஒன்றாகிவிடும். சிவகிரித் தம்பதி செத்துக் கிடந்தது வெளியே தெரியவே சில நாள் ஆனது, என்னை உறுத்துவது அதுதான். அக்கம்பக்கத்தில் தினம் ஒரு போன், ரோந்து வருகிற பீட் போலீஸ் வந்து கையெழுத்துப் போடுகிற நோட்டு, தோட்டத்துப் பாதைக்கு விளக்கு, கேமரா. இதைக் கேட்டு எஸ்.பி. ஆபீஸ் வாசலில் உட்காருங்கள், நானும் எழுதுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் வேண்டும் என்றால் தாராளமாக மனுப் போடுங்கள். ஏற இறங்கப் பார்த்து அனுப்புவதற்கு கலெக்டர் ஆபீஸுக்கு அதிகாரமில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், ஆயுதச் சட்டம் 14-வது பிரிவு, மேல்முறையீட்டுக்கு 18. கிடைத்தால் சந்தோஷம். தேர்தல் அறிவித்த கையோடு ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள், 2024-ல் நடத்தை விதி மார்ச் 16-ல் ஆரம்பித்து ஜூன் வரை இருந்தது. அந்த நாட்களில் எவனாவது சுவர் ஏறிக் குதித்தால் ஸ்டேஷனில் கொடுத்த ரசீதை நீட்டலாம்.