துண்டு விழுறது கல்லாவுல இல்ல தம்பி

கேள்வி: அப்பாவோட மளிகைக் கடைக்கு பைத்தான்ல கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வசூல்ல செலவைக் கழிச்சு கல்லாவுல எவ்ளோ இருக்கணும்னு சொல்லும். சில நாள் சரியா வருது, சில நாள் ஆயிரம் ரெண்டாயிரம் துண்டு விழுது. எர்ரரே வரல. எர்ரரைப் புடிக்கிற ட்ரை எக்ஸப்ட்டை எடுத்துப் பாத்தேன், அப்பவும் எர்ரர் இல்ல, துண்டு இன்னும் ஜாஸ்தியாச்சு. கடைப் பையன் மேல அப்பாவுக்கு சந்தேகம், அது வேற விஷயம். கோடும் ஃபைலும் அனுப்பிருக்கேன்.

பதில்: அது வேற விஷயமா? ஒரு பையனைத் திருடன்னு நினைக்கிறாங்க, நீ அதை ஒத்த வரியில தள்ளிட்டு கோடைப் பத்தி பேசுற!

செலவு ஃபைலைப் பாரு. அப்பா எக்செல்ல அடிச்சது, ஒரு வரியில 1,850னு கமாவோட இருக்கு. எழுத்தை எண்ணா மாத்துற ஃப்ளோட் அந்தக் கமாவை ஏத்துக்காது, வேல்யூஎர்ரர்னு ஒரு எர்ரரைத் தூக்கும். நீ எந்த எர்ரர்னு சொல்லாம வெறும் எக்ஸப்ட், கீழ ஒண்ணும் செய்யாம தாண்டிப் போற பாஸ்னு போட்டிருக்க, அதனால அந்த வரியே கணக்குல சேரல. நூறு எரநூறு செலவெல்லாம் சேருது, ஆயிரத்தைத் தாண்டுனது எல்லாம் சத்தமில்லாம போயிடுது, செலவு கொறைஞ்சா கல்லாவுல ஜாஸ்தி இருக்கணும்னுதானே உன் புரோகிராம் சொல்லும், அந்தப் பழிதான் பையன் தலையில விழுது.

ட்ரையை எடுத்தும் எர்ரர் வராததுக்குக் காரணம் ஃபங்ஷன் கடைசியில, எர்ரர் வந்தாலும் வராட்டியும் ஓடுற ஃபைனலிக்குள்ள, விடையைத் திருப்பிக் குடுக்குற ரிட்டர்ன் வச்சிருக்க. அங்க ரிட்டர்ன் இருந்தா மேல வர்ற எக்செப்ஷனை, அதாவது எர்ரரை, அது அப்படியே முழுங்கிடும். முதல் கமாவுலயே வரி வரியா கூட்டுற லூப் நின்னு அதுவரைக்கும் கூட்டுனதை மட்டும் குடுத்திருக்கு, துண்டு ஏறுனது அதான். பைத்தான் 3.14ல இதுக்கு சின்டாக்ஸ்வார்னிங்னு எச்சரிக்கையே வருது.

ரிட்டர்னை ஃபைனலிக்கு வெளிய எடு. ட்ரைக்குள்ள ஃப்ளோட் வரி மட்டும் இருக்கட்டும், வேல்யூஎர்ரரை மட்டும் புடி, வெறும் எக்ஸப்ட் புரோகிராமை நிறுத்த அழுத்துற கன்ட்ரோல் சியைக்கூட புடிச்சு வச்சுக்கும். புடிச்சதும் எர்ரரைப் பதிவு பண்ற லாகிங் எக்செப்ஷன்ல வரி நம்பரோட எழுது, எத்தனை வரி விட்டுப்போச்சுன்னு டோட்டலுக்குப் பக்கத்துலயே அப்பாவுக்குத் தெரியணும். கமாவை எடுத்துட்டு ஃப்ளோட்டுக்குக் குடுக்குறது ஒத்த வரி வேலை.

அப்பா கணக்கு உன்னை நம்பி விட்டது, எர்ரரை மறைக்கிறது அவர்கிட்ட மறைக்கிற மாதிரிதான். பழைய ஃபைல் மொத்தத்தையும் இன்னைக்கே திருப்பி ஓட்டு. அதுக்கப்புறமும் துண்டு விழுந்தா அப்ப பாக்கலாம், விழலேன்னா தப்பு என் கோடுலன்னு அந்தப் பையன் முன்னாடியே அப்பாகிட்ட சொல்லு, தனியா கூப்ட்டு சொல்லாதே.