உங்கள் அம்மாவை நினைத்தால் முதலில் எது ஞாபகம் வருகிறது?

நீல நிறத்தில் ஒரு பெட்டி. தடுப்பூசி மருந்து எடுத்துப்போகும் கேரியர்.

அம்மா கிராம சுகாதார செவிலியர். செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து 2012இல் ரிட்டயர் ஆனார். அந்த ஊர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, நர்சம்மாதான். போன தை மாதம் தவறிவிட்டார்.

கேரியரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து காலையிலேயே வாங்கி வருவார், நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் மருந்து, நாங்கள் மூடியில் கை வைத்தால் முதுகில் ஒன்று விழும். சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது, சூடு பட்டுப் பட்டு வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அடுப்படியில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

1995இல் போலியோ முகாம் ஆரம்பித்தபோது நான் நான்காம் வகுப்பு. அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. மற்ற வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கும், எங்கள் வீட்டில் அப்பா கிண்டிய தக்காளிச் சாதம். எனக்கு அதில் நிஜமாகவே கோபம் உண்டு. முகாமோடு விட்டாலும் பரவாயில்லை, மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போகவேண்டும், எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் கதவில் சாக்பீஸால் பி, ஒரு குழந்தை விட்டுப்போனாலும் எக்ஸ். எக்ஸ் போட்ட வீட்டுக்கு, களத்துமேட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் திரும்பியிருப்பார்கள் என்று, இருட்டின பிறகு டார்ச்சோடு மறுபடி கிளம்புவார்.

எங்களுக்குக் காய்ச்சல் என்றால் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு "லேசான சூடுதான், ஸ்கூலுக்குக் கிளம்பு" என்பார். அதே ஆள் ராத்திரி நான் ஒரு தடவை இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்த செய்தி டிவியில் ஓடியபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று சத்தத்தைக் கூட்டினேன். "அதுக்குன்னு சொட்டு மருந்த நிறுத்திட மாட்டாங்களே?" என்று மட்டும் கேட்டார். (நிறுத்தவில்லை.)

அவர் பீரோவில் என் தடுப்பூசி அட்டை இருந்தது, நான் 1986இல் பிறந்தவன். பிசிஜி, முத்தடுப்பு எல்லாம் தேதி தவறாமல், அம்மா கையெழுத்தில். தட்டம்மை ஊசி மட்டும் ஒன்பதாம் மாதம் போடவேண்டியது, பதினாலாம் மாதம் போட்டிருக்கிறது. ஊரார் பிள்ளைக்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலே தாயை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற ஆள்! உயிரோடு இருந்தபோதே ஒரு தடவை இதைக் காட்டிக் கேட்டிருக்கிறேன். "வீட்டுப் புள்ளதானே, நாளைக்குப் போட்டுக்கலாம்னு..." என்று இழுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி வந்தபோது முதல் நாள் ராத்திரியே போன். விடிந்ததும் மறுபடி. ஊசி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வரும்போது மூன்றாவது தடவை, "தேதிய அட்டையில எழுதினாங்களான்னு பாருடா."