நோட்டீஸில் பேர் இல்லை

கேள்வி: முன்பெல்லாம் தேர்தல் வந்தால் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வரும், ஆட்டோவில் மைக் அலறும். இப்போது எல்லாமே வாட்ஸ்அப். இனி வெற்றியும் தோல்வியும் செல்போன் கையில்தானா? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நோட்டீஸ்! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று அண்ணாச்சி. செல்போன் கிடக்கட்டும், அப்புறம் பார்ப்போம்.

நம் பக்கத்தில் நோட்டீஸ் என்றால் முதலில் கோவில் கொடை நோட்டீஸ்தான். வில்லுப்பாட்டு யார், நையாண்டி மேளம் யார் என்பதெல்லாம் பிறகு. வரி கொடுத்தவர் பெயர் விடுபடக் கூடாது, அவ்வளவுதான் இலக்கணம். ஈய எழுத்துக் காலத்தில் எங்கள் சுடலைமாடன் கொடை நோட்டீஸுக்கு நான்தான் புரூஃப் பார்த்தேன். பெரியப்பா முறையில் ஒருவர், பெயர் மாடசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துணைக்கால் எங்கேயோ விழுந்து, ஊர் முழுக்க மடசாமி ஆகிவிட்டார். அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. நோட்டீஸும் கையுமாக நேரே அங்கே போய், "என்னை மடசாமி ஆக்குனவன் எவம்லே?" என்று நின்றார். அச்சகக்காரர் என்னைக் கைகாட்டினார். சாமக்கொடையன்று பெரியப்பா எனக்குத் திருநீறுகூடத் தரவில்லை. இன்றைக்கும் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

தேர்தல் நோட்டீஸும் அப்படித்தான். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொய்யே ஆனாலும் போய்க் கதவைத் தட்ட ஒரு முகவரி இருந்தது. வாட்ஸ்அப்பில் வருவதற்கு? மருமகன் அனுப்பினான், அவனுக்கு ஆபீஸில் யாரோ. மேலே இரட்டை அம்புக்குறி, 'பலமுறை பகிரப்பட்டது'. 2020 முதல் அந்த ரகத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். நம் ஆட்கள் பொறுமைசாலிகள், ஒவ்வொருவராக அனுப்புவார்கள். வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2013இல் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. சொல்கிறார்கள். மச்சினன் மகன் நடத்தும் குரூப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆட்டோ மைக்கை நானும் திட்டியவன்தான். ஆனால் அது சொன்னதைத் தெருவே சேர்ந்து கேட்டது, "போன தடவையும் இதே பாலம்தானே?" என்று டீக்கடையில் ஒருத்தராவது கேட்பார். இப்போது வடக்குத் தெருவுக்கு ஒரு சேதி, தெற்குத் தெருவுக்கு வேறொன்று. ஒருத்தருக்கு வந்தது அடுத்தவருக்குத் தெரியாது. யார் மறுத்துப் பேசுவது? இதைப் போய் 'வாக்காளரைச் சென்றடைதல்' என்று எழுதுகிறார்கள் பத்திரிகைக்காரர்கள். சென்று அடைய அதென்ன செங்கோட்டை பாசஞ்சரா?

வெற்றி தோல்வி கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. இந்த வருஷக் கொடை நோட்டீஸ் எனக்கும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. மாடசாமிக்குக் கால் சரியாக இருக்கிறது. வரி கொடுத்த என் பெயரைத்தான் காணோம். யாரிடம் போய்க் கேட்க? அடியில் அச்சகத்தின் பெயரே இல்லை.