14 வயதுப் பையனுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி இரண்டு டோஸோடு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? இந்த வயதில் அவசியம்தானா?

முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடையில் எத்தனை வருடம் போயிருந்தாலும் போட்ட டோஸ் கணக்கில் இருக்கும். இரண்டு போட்டதற்கு அட்டையில் பதிவு இருந்தால் மூன்றாவதை மட்டும் போட்டு முடித்துவிடலாம். அட்டையே தொலைந்துபோனவர்களுக்குத்தான் ஒன்றுமே போடாத மாதிரி வைத்துக்கொண்டு முழுசாகப் போடுவார்கள். அப்படி ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்தாலும் கெடுதல் கிடையாது.

நான் டாக்டர் இல்லை. கமெண்டில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்காக இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது, என் பையனின் அட்டையிலும் இதே மாதிரி ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

"அவசியம்தானா" என்று நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் வீட்டில் யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அது என் மச்சான்.

ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இது ஈரலைத் தாக்குகிற வைரஸ், ஈரலோ சத்தம் போடாத உறுப்பு. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்ததில் அம்மாவுக்கும் இருந்தது. பிரசவத்தில் எனக்கு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுமாம். வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடச் சொல்வது இதனால்தான். நான் பிறந்த காலத்தில் இந்தத் தடுப்பூசியே கிடையாது. முதல் அனுமதியே 1981-ல்தான். அம்மாவிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் "என்கிட்டேருந்துதானே வந்துச்சு" என்பதை விடமாட்டேன் என்கிறார்.

பையனுக்கு முதலில் ரத்தம் எடுத்தார்கள், அதே நாளில் ஊசியும் போட்டார்கள். மேல்கையில்தான், இடுப்பில் இல்லை. அவன் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டிருந்தான், முடிந்தது தெரியவில்லை. நர்ஸ் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அந்தக் காலிக் கட்டத்தில் ஒட்டினார். ரிசல்ட் நெகட்டிவ். ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அளவு 10-க்கு மேல் இருக்க வேண்டும், இருந்தது. என்னோடு ஒரே வீட்டில் இருப்பதால் இந்தக் கடைசிப் பரிசோதனை. மற்றப் பிள்ளைகளுக்கு வழக்கமாக இது தேவைப்படாது.

இதைக் கேள்விப்பட்ட மச்சான், "எட்டாவது படிக்கிற பையனுக்கு எதுக்கு மாப்ள அந்த ஊசி?" என்றார். அந்த "அந்த"வில் இருந்த அழுத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு எப்படி வந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அவர் கேட்டார்.

ஆமாம், உடலுறவு மூலமும் பரவும். அதற்கு ரொம்ப முன்னாலேயே போட்டுவிடுவதுதானே புத்திசாலித்தனம்? அதோடு இது ரத்தத்தில் பரவுவது. ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ், காது குத்துகிற ஊசி, பச்சை குத்துகிற ஊசி எல்லாம் கணக்கில் வரும். காய்ந்த ரத்தத்துளியில் ஏழு நாள் வரை வைரஸ் உயிரோடிருக்கும். பதின்ம வயதில் நண்பனின் ரேசரை எடுத்து மீசையை ஒதுக்காத பையன் உண்டா? அதே சமயம் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. இதையும் மச்சானுக்குச் சொன்னேன், தலையாட்டினார், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மன்னிக்கவும். பல் டாக்டரிடம் போனால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஒருவர் என்னைக் கடைசி நோயாளியாக உட்கார வைத்தார், மற்றவர்கள் போன பிறகு. எல்லாக் கருவிகளையும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே சுத்தம் செய்ய வேண்டும்? எனக்கு முன்னால் போனவர்களில் தனக்கு இருப்பதே தெரியாதவர் எத்தனை பேரோ. சொன்னவனுக்குத்தான் தண்டனை. சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்ட் அலர்ஜி இருந்தாலோ முந்தைய டோஸில் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஊசி முடிந்ததும் பையனை கால் மணி நேரம் உட்கார வையுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் சட்டென்று மயங்கி விழுவார்கள். அப்புறம், ரத்தப் பரிசோதனை செய்வதாக இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே ரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஊசி போட்ட இரண்டு, மூன்று வாரத்துக்குள் எடுத்தால் தடுப்பு மருந்தில் உள்ள புரதமே ரத்தத்தில் தெரிந்து, இல்லாத நோய்க்கு பாசிட்டிவ் என்று வர வாய்ப்பிருக்கிறது.